நூற்று அறுபத்தொன்றாம் மாணவி

அன்று காலை எட்டு மணிக்குத்தான் பரமநாதன் ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு நாளைக்கு வாயைத் திறக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருபத்தேழு வருடம் போலீஸ் துப்பறியும் பிரிவிலும், ஆறு வருடமாகப் பினாங்கு ஸ்திரீட் மாடியறையொன்றில் சொந்தமாகவும் அதே வேலையைச் செய்து சலித்துப்போன மனிதருக்கு அந்த உத்தரவு வரம் கிடைத்த மாதிரி இருந்தது. யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. கேட்டால்தானே பொய் சொல்வார்கள்.

வரம் இரண்டு மணி நேரம் நீடித்தது. பத்து மணிக்கு அவருடைய உதவியாளர் புஷ்பவள்ளி ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தாள்.

புஷ்பவள்ளி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்திரண்டு வருடம் மற்றவர்களுக்கு லைன் போட்டுக் கொடுத்தவள். ஐம்பது வயதில் ஓய்வு பெற்று, வீட்டில் கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று இவரிடம் வந்து சேர்ந்தாள். ஊரில் பாதிப் பேரின் குரல் அவளுக்குத் தெரியும். மீதிப் பாதிக்கு அவள் குரல் தெரியும்.

"அண்ணே பேச மாட்டார்மா. பல்லுக்குத் துக்கம் காக்கிறார். நீ சொல்லு, அவர் எழுதிக்குவார்" என்று அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

வந்தவள் பெயர் வடிவம்மாள். வயது நாற்பத்து நான்கு. பாகான் டாலாமில் குடியிருந்தாள். கப்பலுக்கு ஏற்றும் மீன் டின்களை அடைக்கும் தொழிற்சாலையில் தரை கழுவும் வேலை. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு ஃபெர்ரி ஏறி வந்திருந்தாள். பைக்குள்ளிருந்து அவள் எடுத்து மேசைமேல் வைத்த அடையாள அட்டை சிவப்பு நிறத்தில் இருந்தது. இந்த நாட்டில் இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரி இல்லை என்று சொல்லும் நிறம்.

அவள் கதையில் சுற்றுவளைவு இல்லை. நிபோங் திபால் பக்கம் ஆல்டன் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில் பிறந்தவள். பிறப்புச் சான்றிதழ் எடுக்கவில்லை. தோட்டத்து மருந்தறையைப் பார்த்துக்கொண்ட டிரெசர் ஒரு நோட்டில் பிறப்புகளை எழுதிவைத்திருந்தார். அந்த நோட்டு ஒரு வெள்ளத்தில் போயிற்று. குடியுரிமைக்கு இரண்டு தடவை மனுப்போட்டும், இங்கே பிறந்ததற்கு எழுத்தில் ஏதாவது கொண்டு வா என்று பதிவு இலாகாவில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவைக்கு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று செவ்வாய்.

சித்திரை மாதத்தில் அவளுக்கு ஒரு செய்தி காதில் விழுந்தது. குயின் ஸ்திரீட்டில் ஓர் ஆவணக் குழு, மூடிப்போன தோட்டத்துப் பள்ளிக்கூடங்களின் பழைய புத்தகங்களையெல்லாம் வாங்கி, கம்ப்யூட்டரில் படம் பிடித்துவைக்கிறதாம். போய்க் கேட்டாள். அங்கே வேலை செய்யும் சித்தி ஹாஜரா என்ற பெண், ஆல்டன் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைத் திரையில் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்து, ஒரு வரியில் விரலை வைத்தாள். எண் 161, வடிவம்மாள், தகப்பன் பெயர் சின்னையா, பிறந்த தேதி, பிறந்த இடம் ஆல்டன் தோட்டம். தலைவர் அன்றைக்கு வரவில்லை. அவர் கையெழுத்து இல்லாமல் நகல் கொடுக்கக்கூடாது. பதிவு இலாகாவின் கடிதம் வந்ததும் கொண்டு வாருங்கள், தருகிறோம் என்று ஹாஜரா சொல்லியிருக்கிறாள்.

கடிதம் ஆகஸ்டில்தான் வந்தது. போன வாரம் எடுத்துக்கொண்டு போனாள். அதே பதிவேடு, அதே பக்கம். அவள் பெயர் இல்லை.

"அந்தப் பொண்ணே அழுதுருச்சுங்க. நான் பாத்தேன் அக்கா, இங்கதான் இருந்துச்சுன்னு. தலைவரு, வேற ஏதோ ஸ்கூலைப் பாத்துட்டு மாத்திச் சொல்லியிருக்கும்னு சொல்லிட்டாரு" என்றாள் வடிவம்மாள்.

பரமநாதன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. ஆனால் எதையோ சொல்லாமல் இருக்கிறாள் என்று அவருக்குப் பட்டது. வழக்கமாக அந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டிருப்பார். வாயில் பஞ்சு இருந்தது. விட்டுவிட்டார்.

*

ஆவணக் குழுவின் அறை ஒரு துணிக்கடையின் மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. படிகள் ஏணி மாதிரி செங்குத்தாக ஏறின.

"கோயில்னா தெருவிலேயே கட்டுவாங்க. தமிழ்ப் புஸ்தகத்துக்குன்னா மட்டும் ஏன் அண்ணே இவ்வளவு உசரம்? கரையான் ஏறக்கூடாதுன்னா?" என்று புஷ்பவள்ளி மூச்சு வாங்கினாள்.

உள்ளே மூன்று சுவரிலும் அட்டைப் பெட்டிகள். நான்காவது சுவரோரம் ஒரு கம்ப்யூட்டர், புத்தகத்தைக் கவிழ்த்துவைத்துப் படம் எடுக்கும் கண்ணாடிப் பலகை போட்ட ஸ்கேனர், குறுந்தட்டில் பதியும் இன்னொரு சாதனம். ஏர்கோன் காற்று அந்த மூன்றின்மேல் மட்டும் படும்படி திருப்பி வைத்திருந்தார்கள். சித்தி ஹாஜராவுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கண்கள் வீங்கியிருந்தன. இந்த மாதக் கடைசியோடு நின்றுகொள்ளும்படி அவளுக்குச் சொல்லியாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை விழா. பதினான்காயிரம் பக்கங்கள் ஏழு தட்டுகளாக வெளியிடப்படுகின்றன. அந்த நேரத்தில், பதிவேட்டில் இருந்த பெயர் காணாமல் போயிற்று என்று வெளியே சொல்லித் திரிகிற பெண்ணை வைத்திருக்க முடியாதல்லவா?

பரமநாதன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினார். புஷ்பவள்ளி வாசித்தாள்: அசல் புத்தகம் எங்கே?

தலைவர் வீட்டில் பத்திரமாக இருப்பதாக ஹாஜரா சொன்னாள். படம் எடுத்து முடித்த புத்தகங்களில் நொறுங்கும் நிலையில் இருப்பவற்றை அவரே எடுத்துப்போய் வைத்துக்கொள்வாராம். எழுபத்தொன்பது வயதில் இந்த மெஷின்களையெல்லாம் அவளிடமே கற்றுக்கொண்டார் என்றும் சொன்னாள். அவரைப் பற்றி அவள் ஒரு குறையும் சொல்லவில்லை.

பக்கம் நாற்பத்தொன்று திரையில் வந்தது. மங்கிய நீல மையில் குண்டு குண்டான அழகிய எழுத்து. எண் 160-ல் ஒரு பையன் பெயரோடு எழுத்து நின்றது. அதன்கீழ் பதினொரு கோடுகள் காலி. அடுத்த பக்கம் 172-ல் தொடங்கியது. பரமநாதன் முன்னும் பின்னும் தள்ளச் சொல்லிக் கைகாட்டினார். எழுதிய வேறெந்தப் பக்கத்திலும் ஒரு கோடுகூடக் காலியில்லை. காகிதம் கிடைக்காத காலத்தில் விளிம்புவரை நெருக்கி எழுதிய புத்தகம் அது.

இந்தப் படம் என்றைக்கு எடுத்தது என்று கேட்டு எழுதினார். ஹாஜரா ஒரு பட்டியலைத் திறந்தாள். எல்லாப் படங்களுக்கும் நேராக 1980 ஜனவரி 1 என்று இருந்தது. கம்ப்யூட்டர் கடிகாரத்தின் பேட்டரி தீர்ந்து ஒரு வருடமாகிறதாம். ஒவ்வொரு தடவை அணைத்துப் போடும்போதும் அந்தத் தேதிக்கே போய்விடுமாம்.

"எங்க வீட்டுக்காரரும் அந்த வருஷத்துலதான் நிக்கிறார். பேட்டரி எங்க விக்கிதுன்னு கேட்டு வைங்கண்ணே" என்றாள் புஷ்பவள்ளி.

ஹாஜரா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். சிரிப்பு வந்ததும் உடம்பு கொஞ்சம் இளகியது. பரமநாதன் அதற்காகத்தான் காத்திருந்தார். பக்கத்தை முடிந்தவரை பெரிதாக்கிக் காட்டும்படி சைகை செய்தார். ஓர் எழுத்து உள்ளங்கை அளவுக்கு வந்தபோது, பக்கத்தின் இடது பக்கமாக மேலிருந்து கீழே மயிரிழை போல ஒரு கோடு ஓடுவது தெரிந்தது. அது மைக்கோடு இல்லை. எழுத்துகளின் மேலேயும் ஏறி இறங்கியது.

பக்கம் நாற்பதைப் பெரிதாக்கச் சொன்னார். கோடு இல்லை. நாற்பத்திரண்டில் இருந்தது. நாற்பத்து மூன்றில் இல்லை. ஒரே தாளின் முன்னும் பின்னும் மட்டும் அந்தக் கோடு.

அவர் ஹாஜராவைத் திரும்பிப் பார்த்தார். அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பரமநாதன் எதுவும் எழுதவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். போலீசில் இருந்தபோது இந்த வித்தை தெரியாமல் எத்தனை வருடம் கத்திக்கொண்டிருந்தோம் என்று அவருக்கே தோன்றியது.

"கண்ணாடியில கீறல் விழுந்துருச்சு அங்கிள். நான்தான். ஒரு நோட்டீஸைக் குண்டூசியோட வெச்சு இழுத்துட்டேன். கண்ணாடி மாத்தச் சொன்னா சம்பளத்துல பிடிப்பாங்கன்னு யார்கிட்டயும் சொல்லலை" என்றாள் ஹாஜரா.

என்றைக்கு என்று புஷ்பவள்ளி கேட்டாள்.

"ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முத நாள். பெருநாள் முழுக்க அதே நெனப்பு. சோறே இறங்கலை."

ஆல்டன் புத்தகத்தை அவள் படம் எடுத்தது மார்ச்சில். வடிவம்மாள் வந்து பார்த்தது ஏப்ரலில். பெருநாள் மே மாதம். அப்படியானால் அந்த ஒரு தாளை மட்டும் யாரோ கீறல் விழுந்த பிறகு மறுபடியும் படம் எடுத்து, பழைய படத்தின் இடத்தில் வைத்திருக்கிறார்கள். கடிகாரம் ஏமாற்றினாலும் கீறல் ஏமாற்றாது. ஹாஜரா மறைத்துவைத்த தப்பே அவளுக்குச் சாட்சியாகிவிட்டது.

"எப்போங்கிறது கிடைச்சிருச்சு. என்ன இருந்துச்சுங்கிறதுக்கு எங்க போறது? இல்லாத பேரைக் கொண்டுபோய் வியாழக்கிழமை அந்த ஆபீசர்கிட்ட நீட்ட முடியாதே லா" என்றாள் புஷ்பவள்ளி.

பரமநாதன் பக்கம் நாற்பதை மறுபடியும் வரவழைத்தார். அது நாற்பத்தொன்றுக்கு எதிர்ப்பக்கம். புத்தகத்தை மூடினால் இரண்டும் முகத்தோடு முகம் ஒட்டும். முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஈரக் காற்றில் மூடியே கிடந்த புத்தகம். எழுத்துகளுக்கு இடையில் பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஊறல் ஊறலாக ஏதோ தெரிந்தது. அழுக்கென்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் தன் கைக்குட்டையை மேசைமேல் விரித்து, பாதியாக மடித்து, மறுபடியும் விரித்துக் காட்டினார்.

எதிர்ப்பக்கத்து மை இதில் ஒட்டியிருக்கிறது என்று புஷ்பவள்ளிக்கு உடனே புரிந்துவிட்டது. கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவைத் திறந்து அதன் கண்ணாடியைத் திரைக்கு நேரே பிடித்தாள். ஹாஜரா அவள் கையை மெதுவாகத் தள்ளினாள். "அதுக்கு ஒரு பட்டன் இருக்கு ஆன்ட்டி" என்று சொல்லிப் படத்தை இடவலமாகப் புரட்டினாள். பிறகு வெளிச்சத்தைக் குறைத்துக் கறுப்பை ஏற்றினாள். பக்கம் நாற்பதின் சொந்த எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்ள, அவற்றின் இடுக்கில் இன்னொரு பக்கம் எழுந்து வந்தது. ஒரே கையெழுத்து. 159. 160. அதோடு நிற்கவில்லை. 161, வடிவம்மாள், த/பெ சின்னையா, 9-3-1951, ஆல்டன். 162. 163. பக்கத்தின் அடிவரை, 171 வரை பதினொரு பெயர்கள். பதினொன்றும் பெண்பிள்ளைகள்.

ஹாஜரா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கறுப்பு வெள்ளையாக எடுத்தால் தட்டில் இடம் மிச்சமாகும் என்று தலைவர் எவ்வளவோ சொல்லியும், கறையெல்லாம்கூடத் தெரியட்டும் என்று அவள்தான் பிடிவாதமாகச் சாம்பல் நிறத்தில் எடுத்திருந்தாள்.

பரமநாதனுக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்றில் இப்போது இருப்பது புதிதாக எழுதிய தாள். பின்னால் இருந்த வெற்றுத்தாள் ஒன்றைக் கிழித்து எழுதியிருப்பார்கள், காகிதம் பழையது. ஆனால் எழுத்து? இன்னொருவர் எழுத்தைப் பார்த்து எழுதுகிறவன் கை எங்கேயாவது யோசிக்கும். இந்தக் கை எந்த இடத்திலும் யோசிக்கவில்லை. சுழிகளில் மட்டும் லேசாக நடுங்கியது. முதுமையின் நடுக்கம்.

அவர் கடைசிக் காகிதத்தை எழுதினார். புஷ்பவள்ளி அதைப் படித்துவிட்டு, கேலி எதுவும் சேர்க்காமல் ஹாஜராவிடம் சொன்னாள்: புத்தகத்தின் அட்டையைக் காட்டு.

முதல் படம் வந்தது. பள்ளியின் பெயர், வருடம். கீழே அதே குண்டு எழுத்தில்: தலைமையாசிரியர், சி. விநாசித்தம்பி.

பட்டணத்துப் பெரிய பள்ளியொன்றில் ஓய்வுபெற்றவர் என்றே ஊர் அவரை அறிந்திருந்தது. அதற்கு முன்னால் ஒரு தோட்டத்தில் அவர் பாடம் நடத்தியது யாருக்கும் ஞாபகமில்லை. நாற்பத்தொன்றாம் பக்கத்தை எத்தனையோ பேர் பார்த்தார்கள். அட்டையில் இருந்த பெயரை யாரும் படித்துப் பார்க்கவில்லை.

ஆவணக் குழுவின் தலைவர் அவர்தான்.

*

மூன்று மணிக்கு விநாசித்தம்பி மாஸ்டர் படியேறி வந்தார். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வரும் சத்தம் கேட்டது. கையில் ஹாஜராவுக்காக ஒரு பொட்டலம் கறிபஃப் இருந்தது. வேலையை விட்டு நிறுத்திய பெண்ணுக்கும் அவர் பலகாரம் வாங்கி வருகிற மனிதர். உள்ளே வந்து எல்லோரையும் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். புரட்டிய பக்கம் அங்கேயே இருந்தது. அவருக்கு வாசிக்க வேண்டியிருக்கவில்லை. நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். புஷ்பவள்ளி எழுந்துபோய் ஏர்கோன் காற்றை அவர் பக்கம் திருப்பினாள்.

பரமநாதன் வாயிலிருந்த பஞ்சை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். அந்தக் கிழவரிடம் காகிதத்தை நீட்ட அவருக்கு மனம் வரவில்லை. இருவரும் யாழ்ப்பாணத்து வேர் கொண்ட வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் பேசும் பேச்சே வாயில் வந்தது.

"ஏன் மாஸ்டர்?"

விநாசித்தம்பி கறிபஃப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். பிறகு, மறைப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்பது போல நிதானமாகச் சொன்னார்.

"நான் அழிச்சது பொய்யைத்தான் தம்பி. அந்தப் பதினொரு பிள்ளையளும் ஒரு நாளும் என்ர பள்ளிக்கு வரேல்லை."

புஷ்பவள்ளி பரமநாதனைப் பார்த்தாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். வலி தாடைவரை ஏறியிருந்தது. காலையில் வடிவம்மாள் சொல்லாமல் விட்டது இதுதான்.

கிழவர் கதையைச் சொன்னார். 1958-ல் ஆல்டன் பள்ளிக்கு இரண்டு வாத்தியார்கள். அறுபது பிள்ளைகள் இருந்தால்தான் இரண்டாவது வாத்தியார். இருந்தது நாற்பத்தொன்பது. ஒருவரைத் தூக்கிவிட்டால் பள்ளியையே மூடிவிடுவார்கள். பெண்பிள்ளைகளை அனுப்புங்கள் என்று அவர் லயம் லயமாகப் போய்க் கேட்டார். பால்மரத்துக்குப் போகிற தாய்மார்கள், கைக்குழந்தையை யார் பார்ப்பது என்று திருப்பிக் கேட்டார்கள். இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல்நாள் டிரெசரின் பிறப்பு நோட்டை வாங்கிப் பதினொரு பெயர்களை எழுதினார். ஒருதடவை எழுதிவிட்டால் நிறுத்த முடியுமா? வருடாவருடம் அவர்களை வகுப்பேற்றினார். பள்ளி மூடவில்லை. நாற்பத்தொன்பது பிள்ளைகள் படித்தார்கள். அவர்களில் ஒருவன் டாக்டர்.

அதன்பிறகு முப்பது வருடம் அந்தப் புத்தகம் ஒரு பீரோவில் கிடந்தது. அவரும் மறந்திருந்தார். பழைய புத்தகங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று ஊரைக் கூட்டியவரும் அவரே. ஆல்டன் பெட்டி அந்த அறைக்கு வந்த அன்றுதான் மறுபடியும் நினைவுக்கு வந்தது.

"கடதாசியெண்டால் செல்லரிச்சுப்போம். தட்டிலை ஏறினால் நூறு வருசம் அழிக்கேலாது எண்டு நான்தானே எல்லாருக்கும் சொன்னனான். என்ர பொய் நூறு வருசம் இருக்க வேணுமோ? பெருநாளுக்குப் பிள்ளை லீவிலை நிண்ட நேரம் செய்தனான்."

"பழைய தாள்?"

"எரிச்சாச்சு."

பரமநாதன் தலையசைத்தார். அவருக்குக் கோபப்பட வேண்டும் போலிருந்தது. உடம்பில் அதற்குத் தெம்பில்லை. ஹாஜராவைக் கைகாட்டி, இந்தப் பிள்ளை உங்கள் பொய்க்காக வேலையை இழக்கிறாள் என்று மட்டும் சொன்னார். கிழவர் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"பள்ளிக்கு வந்தது பொய். பிறந்த தேதியும் பொய்யோ மாஸ்டர்?"

"இல்லை. அது நோட்டைப் பார்த்து எழுதினது. அந்தத் தோட்டத்திலைதான் பிறந்ததுகள். எனக்குத் தெரியாதே?"

"டிரெசரின்ர நோட்டு வெள்ளத்திலை போட்டுது. அந்தப் பிள்ளையள் இஞ்ச பிறந்ததுக்கு இந்த உலகத்திலை மிச்சமிருந்தது உங்கட பொய் ஒண்டுதான்."

விநாசித்தம்பி கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே கையில் வைத்துக்கொண்டிருந்தார். செய்ததன் முழு அளவும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது என்று பரமநாதனுக்கு விளங்கியது. அவர் ஒரு பெண்ணின் வாழ்க்கையை அழிக்க நினைத்தவரல்ல. தன் பெயரைத் துடைக்க நினைத்தார். துடைத்தபோது அடியில் யார் இருந்தார்கள் என்று பார்க்கவில்லை.

எதிர்ப்பக்கத்துப் படம் மட்டும் போதாது. எழுதியவரே சத்தியப் பிரமாணம் செய்து கொடுக்க வேண்டும் என்று பரமநாதன் விளக்கினார். என்ன எழுதினேன், ஏன் எழுதினேன், எதைப் பார்த்து எழுதினேன், எப்படி அழித்தேன், எல்லாம்.

"ஞாயிற்றுக்கிழமை விழா தம்பி" என்றார் கிழவர். கெஞ்சல் மாதிரி இருந்தது.

"அதுக்கு முன்னால வியாழக்கிழமை வருது ஐயா" என்றாள் புஷ்பவள்ளி.

*

புதன்கிழமை பதினோரு மணிக்கு லைட் ஸ்திரீட்டில் சத்தியப் பிரமாண ஆணையரின் அறைக்கு விநாசித்தம்பி ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. அவர் சொல்லச் சொல்லப் புஷ்பவள்ளி மலாயில் டைப் அடித்தாள். தன்னைக் காப்பாற்றும் ஒரு வார்த்தையையும் அவர் சேர்க்கவில்லை. சேர்க்கலாமே என்று பரமநாதனே ஓரிடத்தில் சொல்லிப் பார்த்தார். வேண்டாம் என்றார். ஹாஜராவை வேலையில் வைத்துக்கொள்ளும்படி குழுவுக்கு ஒரு கடிதமும், தலைவர் பதவியிலிருந்து விலகுவதாக இன்னொரு கடிதமும் சட்டைப்பையில் தயாராக இருந்தன. முத்திரை குத்தினார்கள். புரட்டிய பக்கத்தின் நகலைப் பின்னால் இணைத்தார்கள்.

வெளியே பெஞ்சில் வடிவம்மாள் உட்கார்ந்திருந்தாள். பரமநாதன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பள்ளிக்கே போகவில்லை என்று ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார். கேட்டபோதே பதில் தெரிந்திருந்தது.

"அந்தப் பொண்ணு வெரலை வெச்சு, இந்தா ஒங்க பேருன்னுச்சு. சாமி கொடுத்துச்சுன்னு நெனச்சேன். சாமிகிட்ட போயி, நான் ஸ்கூலுக்கே போகலையேன்னு சொல்வாங்களா சார்?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. வலியில் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

விநாசித்தம்பி அவள் முன்னால் வந்து நின்றார். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஆல்டன் பள்ளியின் பெரிய வாத்தியார் என்று பரமநாதன் சொன்னதும் சட்டென்று எழுந்து நின்றாள். அவர் கையிலிருந்த காகிதத்தைக் கொடுத்து, நடந்ததை அவரே சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கோபப்படுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

"அப்ப நான் ஆயாக்கொட்டாயில கைப்புள்ளைங்களுக்குத் தொட்டில் ஆட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள். "எம் பேரு மட்டும் ஸ்கூலுக்குப் போயிக்கிட்டு இருந்துச்சா?"

"ஓம், பிள்ளை."

"எத்தனாவது வரைக்கும்?"

"ஆறாம் வகுப்பு. கணக்கிலை கெட்டிக்காரி எண்டும் எழுதினனான்."

"இத்தனை வருஷமா யாரும் எங்கிட்ட சொல்லலையே" என்றாள்.

மறுநாள் பதிவு இலாகாவில் அந்தக் காகிதங்களை வாங்கிக்கொண்டார்கள். குடியுரிமைக்கான நீல அட்டை அவள் கைக்கு வர அடுத்த வருடம் தீபாவளி ஆகிவிட்டது. ஆனால் வந்தது.

அந்தப் புதன்கிழமை அவள் உடனே போய்விடவில்லை. மற்ற பத்துப் பேர் யார் யாரென்று கேட்டாள். பாகான் டாலாமில் சிவப்பு அட்டையோடு இருக்கும் ஆல்டன்காரப் பெண்களை அவளுக்குத் தெரியும். பரமநாதன் களைப்போடு பேனாவைத் திறந்தார். கிழவர் அவளிடமிருந்து காகிதத்தைத் திரும்ப வாங்கி, இணைத்திருந்த நகலைத் தூரத்தில் பிடித்து வாசித்தார். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும் தொனி அவரை அறியாமல் வந்துவிட்டது.

"நூற்று அறுபத்திரண்டு. காத்தாயி."

"இருக்கா சார். எங்க தெருதான்."

"அறுபத்து மூன்று. பொன்னுருவி."

"கெடாவுல கட்டிக் கொடுத்தாங்க. மவன் இங்க லோரி ஓட்டுறான்."

ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் சொன்னாள். இருவர் இறந்திருந்தார்கள். ஒருத்தி இந்தியாவுக்குப் போய்விட்டாள். இரண்டு பேரைத் தெரியவில்லை. அதைத் தான் போன் போட்டுப் பார்த்துக்கொள்வதாகப் புஷ்பவள்ளி சொன்னாள். பரமநாதன் எழுதிக்கொண்டே வந்தார்.

"நூற்று எழுபத்தொன்று. தைலம்மை."

வடிவம்மாள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

"தைலம்மை எந் தங்கச்சி சார். அம்பத்தொம்போதுல காய்ச்சல்ல போயிட்டா." பிறகு கேட்டாள். "அவளுக்கு எத்தனாவது வரைக்கும் போட்டீங்க?"

பரமநாதன் தலையைக் குனிந்துகொண்டார். பொய்யாக ஏதாவது சொல்லித் தொலைக்கட்டும் என்று ஒரு கணம் நினைத்தார்.

"ஆறு" என்றார் விநாசித்தம்பி. "அவளும் பாஸ்."

வடிவம்மாள் தலையை ஆட்டினாள். காகிதத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அவ கெட்டிக்காரிதான் சார்" என்றாள்.